து ஃபூவின் போர்வண்டிப் பாட்டு: கேள்வி பதில்

சீனக் கவிஞர் து ஃபூ கி.பி. 750-ஐ ஒட்டி எழுதிய கவிதை. படைக்குப் பிடித்துச் செல்லும் ஆட்களின் சட்டையைப் பற்றிக்கொண்டு குடும்பங்கள் வழிமறித்து அழுகின்றன. வழிப்போக்கர் ஒருவர் விசாரிக்க, படையாள் ஒருவன் பதில் சொல்கிறான்.

ஐயா, ஆண் பிள்ளையைவிடப் பெண் பிள்ளை மேல் என்கிறாரே, பெண்ணை உயர்த்தும் வரியா?

பேசுவது யார் என்று முதலில் பாருங்கள். து ஃபூ இல்லை, படையாள். முன்னோருக்குப் படையல் வைக்க மகன் வேண்டும் என்றிருந்த நாடு அது. அங்கே ஒருவன் இப்படிப் பேசுகிறான். காரணமும் சொல்கிறான்: மகளை அக்கம்பக்கத்திலாவது கட்டிக் கொடுக்கலாம், மகன் புல்லோடு புல்லாகப் புதைந்துபோவான்.

து ஃபூ போருக்குப் போனவரா?

இல்லை. அப்போது தலைநகர் சாங்கானில் உத்தியோகம் தேடிக்கொண்டிருந்தார்.

பேரரசர் வூவுக்கு மண்ணாசை தீரவில்லை என்கிறது கவிதை. அவர் பழைய ஹான் அரசமரபின் காலத்தவர் அல்லவா?

ஆமாம், து ஃபூவுக்கு 800 ஆண்டுக்கு முந்தியவர். குறி, அன்று ஆண்ட தாங் அரசமரபின் சுவான்சோங் மேல். ஆளும் அரசரைச் சொல்ல ஹான் பெயரைச் சொல்வது தாங் காலக் கவிஞர்களின் வழக்கம்.

கவிதையில் வருவது திபெத் போரா? 751-இல் நான்சாவ் நாட்டோடு நடந்த போர் என்று படித்தேன்.

நல்ல கேள்வி, பழைய வழக்கும்கூட. இன்றைய யுன்னான் பகுதியில் இருந்த நான்சாவிடம் தாங் படை அந்த ஆண்டு படுதோல்வி அடைந்தது. அப்புறம் ஆள் சேரவில்லை. அமைச்சர் யாங் குவோசோங் அதிகாரிகளை ஏவி ஆட்களைப் பிடித்துத் தளை பூட்டி அனுப்பினார். கவிதையின் அழுகைக்கு இது அப்படியே பொருந்துகிறது. ஆனால் 749-இல் திபெத்தியரின் ஷிபாவ் கோட்டையைப் பிடிக்கவும் பல்லாயிரம் உயிர் போயிற்று. எலும்பு கிடக்கும் இடமாகப் படையாள் சொல்வது சிங்ஹாய் ஏரிக்கரை, அதாவது திபெத் எல்லை. நான் அவன் பக்கம். அவன் சொல்லாத போரை அவன் வாயில் திணிக்க மாட்டேன்.

கவிதையில் வரும் சியான்யாங் பாலமும் சாங்கானுக்கு மேற்கே இருக்கிறதே, அதுவே திபெத்துக்குச் சாட்சி இல்லையா?

இல்லை. தெற்கே சிச்சுவானுக்குப் போகவும் அந்த வழிதான். 756-இல் சுவான்சோங்கே சிச்சுவானுக்குத் தப்பியோடியபோது அவ்வழியாகத்தான் போனார். பாலத்தை வைத்து எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

ஊர்த்தலைவர் தலைப்பாகை கட்டிவிடும் வரி எதற்கு?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். பதினைந்து வயதில் ஒருவன் வடக்கே காவலுக்குப் போகிறான். தலைப்பாகை கட்டக்கூடத் தெரியாத பிள்ளை, ஊர்த்தலைவர் கட்டிவிடுகிறார். நாற்பதில் மேற்கே படைப் பண்ணையில் உழுகிறான். தலை நரைத்துத் திரும்பினால் மறுபடி எல்லைக்கு அனுப்புகிறார்கள். ஒரே தலை, முதலில் துணி, பிறகு நரை. நம் புறநானூறு 279-இல் ஒக்கூர் மாசாத்தியாரின் தாயும் ஒரே மகனுக்கு வெள்ளாடை உடுத்தி, பரட்டைக் குடுமியில் எண்ணெய் தடவி, கையில் வேல் கொடுத்துப் 'போ' என்கிறாள். அங்கே பிள்ளையின் தலையைத் தொடுவது தாயின் கை. இங்கே படைக்கு ஆள் கணக்குக் கொடுக்க வேண்டிய ஊர்த்தலைவரின் கை.

மகள் பிறப்பதே மேல் என்பது ஏன்?

முதல் பதிலைப் பாருங்கள். இதே கேள்வி மறுபடியும் வருகிறது.

'மனக்குறையைச் சொல்லத் துணிவேனா' என்றவன் அப்புறம் எல்லாவற்றையும் கொட்டுகிறானே?

ஆமாம், கொட்டுகிறான். ஆனால் எவ்வளவு தூரம்? சீன மூலத்தில் மேற்கோள் குறி கிடையாது. அவன் பேச்சு எங்கே முடிகிறது என்பது மொழிபெயர்ப்பாளர் முடிவு. அதனால்தான் பேசுவது யார் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

பள்ளிக் கட்டுரைக்கு 'போர் கூடாது' என்று எழுதினால் போதுமா?

போதாது, தம்பி. வரிவசூல் அதிகாரியை எழுதுங்கள்: ஆளையும் பிடித்துக்கொண்டு, உழ ஆளில்லாத வயலுக்கு வரியும் கேட்கிறார். அப்புறம் ஓசையைக் கேளுங்கள். தொடக்கத்தில் வண்டிகள் 'லின் லின்', குதிரைகள் 'சியாவ் சியாவ்'. முடிவில் சிங்ஹாய்க் கரையில் மழை பெய்கிறது, எடுப்பாரில்லாத எலும்புகளின் நடுவே ஆவிகள் 'ஜியூ ஜியூ'.