சங்கு குளிக்கிறவர் வானத்திலிருந்து குதிக்க நினைத்தால்

கீழக்கரையிலிருந்து 23 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "வாப்பா சங்கு குளிக்கிறவர். சீசனில் நானும் கடலுக்குப் போவேன். துபாயில் இருக்கும் மச்சான், தான் விமானத்திலிருந்து குதித்த வீடியோவை அனுப்பினார். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கும் முறையாகக் கற்றுக்கொள்ள ஆசை. எங்கே தொடங்குவது? தனுஷ்கோடியில் மணலும் இருக்கிறது, கடலும் இருக்கிறது, இங்கேயே ஏன் கற்றுத்தருவதில்லை? கடலில் விழுந்தாலும் எனக்கு நீந்தத் தெரியும். தங்கை கல்லூரியில் என்சிசியில் இருக்கிறாள், அவளும் கேட்கிறாள்."

தம்பி, கடலுக்குள் போகிறவர் என்று நீங்கள் சொன்னதால், மற்ற எதற்கும் முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடலில் மூழ்கிச் சங்கு குளித்த உடம்போடு விமானம் ஏறிவிடாதீர்கள். கம்ப்ரஸர் குழாயிலோ சிலிண்டரிலோ மூச்சுவிட்டபடி அடியில் இருக்கும்போது, காற்றிலுள்ள நைட்ரஜன் அழுத்தத்தால் ரத்தத்தில் கரைந்துவிடுகிறது. அது வெளியேறப் பல மணி நேரம் ஆகும். அதற்குள் அழுத்தம் குறைந்த இடத்துக்குப் போனால், கோலி சோடாவை உடைத்ததும் பொங்குவதுபோல் உடம்புக்குள் குமிழ் விடும். மூட்டு வலியில் தொடங்கி முடக்கம் வரை கொண்டுபோகிற வியாதி அது. உங்கள் கரையில் யாருக்காவது வந்திருக்கும், வாப்பாவிடம் கேட்டுப் பாருங்கள்.

சாதாரணப் பயணிகள் விமானத்தில் ஏறுவதற்கே, ஒருமுறை மூழ்கியிருந்தால் 12 மணி நேரமும், பலமுறையோ பல நாளோ மூழ்கியிருந்தால் 18 மணி நேரமும் கழிய வேண்டும் என்கிறது, மூழ்குகிறவர்களின் பாதுகாப்புக்கான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற அமைப்பு. அந்த விமானத்துக்குள் அழுத்தம் ஏற்றி, சுமார் 8,000 அடிக்கு மேல் போகாததுபோல் வைத்திருப்பார்கள். குதிப்பதற்குக் கூட்டிப் போகிற சிறிய விமானத்தில் அந்த ஏற்பாடு கிடையாது. 13,000 அடியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் 60 சதவீதம்தான். ஆகவே 18 மணி நேரக் கணக்கு உங்களுக்குப் போதாது. கடைசியாகக் குளித்த நாளுக்கும் குதிக்கிற நாளுக்கும் நடுவில் முழுதாக இரண்டு நாள் விடுங்கள். மூச்சைப் பிடித்து மட்டும் குளிக்கிறவராக இருந்தாலும், நாள் முழுக்க ஏறி இறங்கியிருந்தால் மறுநாள் குதிக்க வேண்டாம்.

இதே கடல் பழக்கம் காது விஷயத்தில் உங்களுக்குக் கைகொடுக்கும். 13,000 அடியில் குதித்து 5,000 அடியில் பாராசூட் விரிவதற்குள் ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம்தான் ஆகிறது. அதற்குள் காதில் ஏறுகிற அழுத்தம், இரண்டு மீட்டருக்குச் சற்று அதிகமாகத் தண்ணீரில் இறங்குவதற்குச் சமம். தரையைத் தொடும்போது கிட்டத்தட்ட நான்கு மீட்டர். மூக்கைப் பிடித்துக் காதை விடுவிக்க மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும், நீங்கள் சின்ன வயதிலேயே கற்றிருப்பீர்கள். ஆனால் சளி பிடித்திருந்தால் கடலுக்குப் போகாமல் இருப்பதுபோல அன்று குதிக்கவும் வேண்டாம். தோள்பட்டை எப்போதாவது மூட்டிலிருந்து இறங்கியிருந்தால் அதையும் பயிற்சியாளரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். விழுகிற வேகத்தில் காற்று கையைத் தூக்கி அடிக்கும். நடுவானில் தோள் இறங்கினால் கைப்பிடியை இழுக்க முடியாது.

இனி தனுஷ்கோடி. ஆசை நியாயம்தான். தொண்டியில் பிறந்தவன் நான், வளைகுடாவில் வேலை பார்த்தபோது கற்றுக்கொண்டவன். ஊருக்கு வரும்போதெல்லாம் அந்த மணல் நாக்கை மேலேயிருந்து பார்க்க எனக்கும் ஆசை வந்திருக்கிறது. இருந்தும், பழகாதவரை அங்கே இறக்கக் கூடாது என்றுதான் சொல்வேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். பாராசூட் விரிந்த பிறகு தரைக்கு வர ஐந்து நிமிடம் போல ஆகும். மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று உங்களை அந்த ஐந்து நிமிடத்தில் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் தள்ளிவிடும். தேர்ந்தவர் அதற்கு எதிராக ஓட்டி வந்து சேர்வார். தவறான திசையில் திரும்பி நின்றுவிட்ட புதியவருக்கு அங்கே ஒரு பக்கம் பாக் நீரிணை, மறு பக்கம் மன்னார் வளைகுடா, நடுவே கொஞ்சம் மணல். அதோடு உச்சிப்புளியில் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து விமானத்தளம் இருக்கிறது, கடல் எல்லை பக்கத்தில் இருக்கிறது, வளைகுடாவில் 21 தீவுகளும் தேசியப் பூங்காவாகப் பாதுகாக்கப்பட்டவை. நினைத்தபடி விமானத்தைக் கொண்டுவந்து ஆளை இறக்கிவிடுகிற வானம் இல்லை இது. உள்ளே தள்ளிப் போனால் சீமைக் கருவேலம். அந்த முள்ளில் விழுந்த துணியையும் ஆளையும் பிரித்தெடுப்பதை நினைத்துப் பாருங்கள்.

"நீந்தத் தெரியும்" என்கிறீர்கள். நம் கரையில் வளர்ந்த எல்லோரும் இதைத்தான் சொல்கிறோம், நானும் சொன்னவன். பாராசூட்டோடு தண்ணீரில் இறங்குவது நீச்சல் சம்பந்தப்பட்டது மட்டும் இல்லை. முதல் ஆபத்து தண்ணீரைத் தொடும் முன்பே வந்துவிடுகிறது. அலையில்லாத கடலின் மேலிருந்து பார்த்தால் உயரம் பிடிபடாது. இதோ வந்துவிட்டோம் என்று பத்தடியில் இருப்பதாக நினைத்து நூறடி உயரத்தில் பாராசூட்டைக் கழற்றிவிட்டவர்கள் உண்டு. கால் நனையும் வரை எதையும் கழற்றக் கூடாது. நனைந்த பிறகு துணி தலைமேல் விழுந்து மூடினால், அதன் தையல் கோடு ஒன்றைப் பிடித்துக்கொண்டு அது போகிற போக்கிலேயே ஓரத்துக்கு வர வேண்டும். கயிறுகளுக்கு நடுவே காலை உதைத்து நீந்தினால் வலையில் மாட்டிய மீனின் கதிதான். இதுவும் போதாதென்று மண்டபம் பக்கம் பாசி வளர்க்கிற மூங்கில் மிதவைகள், எங்கும் விரித்த வலைகள், கரைக்கு அருகே பவளப்பாறை. தண்ணீருக்குப் பக்கத்தில் குதித்தால் மிதவை அங்கி அணிய வேண்டும் என்பது அமெரிக்கப் பாராசூட் சங்கத்தின் பரிந்துரை. அவர்களுடைய இரண்டாவது நிலை உரிமத்துக்கே தண்ணீரில் இறங்கும் பயிற்சி கட்டாயம்.

எங்கே கற்பது? இந்தியாவில் பொதுமக்களுக்கான குதிதளங்கள் குறைவு. ஹரியானாவில் நார்னோல் அருகே பச்சோட் ஓடுதளத்தில் நடக்கிறது. மைசூரு போன்ற இடங்களில் அவ்வப்போது முகாம் போடுவார்கள். ஹைதராபாத்தில் கீழிருந்து காற்றை ஊதி மிதக்க வைக்கிற கூடம் ஒன்று இருக்கிறது. விமானத்தில் ஏறும் முன் அங்கே பத்து நிமிடம் மிதந்து பழகினால், வானத்தில் உடம்பை நிலையாக வைக்கப் படுகிற பாடு பாதியாகக் குறையும். இடைவிடாமல் பயிற்சி முடிக்க நினைத்தால் துபாய் நல்ல இடம், மச்சான் அங்கே இருப்பதால் தங்கும் செலவு மிச்சம். பனைமர வடிவத் தீவுக்கு மேலே வீடியோவில் பார்த்தது ஒரு தளம். புதியவர்கள் கற்பது பாலைவனத்தில் இருக்கிற இன்னொரு தளத்தில். நம் கடற்கரைகளில் யாராவது சில ஆயிரத்துக்கு "ஸ்கைடைவிங்" என்று கூப்பிட்டால், பெரும்பாலும் அது வண்டியோ படகோ இழுத்து மேலே தூக்குகிற பாராசெயிலிங்காக இருக்கும். அது வேறு விளையாட்டு. விமானம் எங்கே, முதல் பாராசூட் கைவிட்டால் விரிக்கிற மாற்றுப் பாராசூட்டைக் கடைசியாக எப்போது, யார் மடித்தது, தானாகத் திறக்கிற கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் திரும்பிவிடுங்கள்.

முதல் படி டாண்டம். பயிற்சியாளரின் மார்போடு உங்களைக் கட்டி, ஒரே பாராசூட்டில் இரண்டு பேராக இறங்குவது. அதைப் பயணம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பயம் எப்படி இருக்கிறது, உடம்பு ஒத்துக்கொள்கிறதா என்று தெரிந்துவிடும், அவ்வளவுதான். கற்பது அதற்குப் பிறகு, ஏஎஃப்எஃப் (Accelerated Freefall) என்கிற பயிற்சியில். ஒரு நாள் முழுக்கத் தரையிலேயே பாடம். பிறகு நீங்கள் உங்கள் சொந்தப் பாராசூட்டோடு குதிக்க, இரண்டு பயிற்சியாளர்கள் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டே விழுவார்கள். போகப்போக ஒருவர், பிறகு கையை விட்டுவிடுவார்கள். ஏழெட்டுப் படிகள் தேறிய பின் தனியாகக் குதித்து, மொத்தம் 25 குதிப்பு ஆனதும் தேர்வு எழுதினால் ஏ உரிமம். அதைக் காட்டினால் உலகின் பெரும்பாலான தளங்களில் உங்களை ஏற்றிக்கொள்வார்கள். செலவு லட்சங்களில் போகும். கடன் வாங்கிச் செய்கிற காரியம் இல்லை. இரண்டு சீசன் சேர்த்துவைத்து ஒரே மூச்சில் முடியுங்கள். மாதத்துக்கு ஒன்று என்று இழுத்தால் கற்றது மறந்து, அதே படியை மறுபடி காசு கட்டிச் செய்ய வேண்டியிருக்கும்.

அந்தத் தரைப் பாடத்தில் பெரும்பகுதி, பாராசூட் சரியாக விரியாவிட்டால் என்ன செய்வது என்பதுதான். மணிக்கு 190 கிலோமீட்டருக்கு மேல் விழும்போது ஆயிரம் அடி ஆறு நொடிக்குள் போய்விடும். யோசிக்க நேரம் கிடையாது. விரிந்ததும் அண்ணாந்து பார்க்க வேண்டும்: சதுரமாக இருக்கிறதா, ஆடாமல் இருக்கிறதா, திருப்பினால் திரும்புகிறதா? இல்லையென்றால் 2,500 அடிக்கு வருவதற்குள் முடிவெடுத்து, வலக் கைப்பிடியை இழுத்து அதைக் கழற்றிவிட்டு, இடக் கைப்பிடியால் மாற்றுப் பாராசூட்டை விரிக்க வேண்டும். குளியலறையில், பேருந்துக்கு நிற்கும்போது, படுக்கையில் என்று நான் அதைக் கையால் செய்து பார்த்தது ஆயிரம் முறைக்குக் குறையாது. நீங்களும் செய்யுங்கள்.

ஆனால் இந்த விளையாட்டில் உயிர் போவது பெரும்பாலும் பாராசூட் விரியாததால் அல்ல. அமெரிக்காவில் 2023-இல் சுமார் 36 லட்சம் குதிப்புகளுக்கு 10 பேர் இறந்தார்கள். இப்படிக் கணக்கெடுக்கும்போதெல்லாம், நன்றாக விரிந்த பாராசூட்டின் கீழே, இறங்குகிற கடைசி நொடிகளில் செய்த தவறால் போனவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். எனக்கும் அங்கேதான் அடி விழுந்தது. 19-ஆவது குதிப்பு. மாலையில் காற்று திசை மாறியிருந்தது. கம்பத்தில் கட்டிய காற்றுப்பையை மறுபடி பார்க்காமல், மதியம் இறங்கிய திசையிலேயே வந்தேன். பாராசூட் தானாக மணிக்கு 30 கிலோமீட்டர் ஓடும். 20 கிலோமீட்டர் காற்றுக்கு எதிராக இறங்கினால் தரையில் உங்கள் வேகம் 10, நடந்து நிற்கலாம். காற்றோடு சேர்ந்து வந்தால் 50. நான் 50-இல் வந்தேன். கணுக்கால் குணமாக மூன்று மாதம் ஆனது.

இங்கேதான் உங்களிடம் நான் நம்பிக்கை வைக்கிறேன். வாடை எப்போது, கொண்டல் எப்போது, கச்சான் எந்த நேரத்தில் கடுமையாகும் என்று உங்கள் வீட்டில் பாடம் நடத்தாமலே தெரியும். காலையில் கரையிலிருந்து கடலுக்கும் பிற்பகலில் கடலிலிருந்து கரைக்கும் காற்று மாறுவதை உடம்பிலேயே உணர்கிறவர் நீங்கள். நகரத்துப் பிள்ளைகள் ஒரு வருடம் செலவழித்துப் படிக்கிற பாடம் இது. இதோடு ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கட்டடத்துக்கும் தோப்புக்கும் பின்னால் காற்று சுழலும், அவற்றின் உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரம் வரைக்கும். அந்த மறைவில் இறங்கினால் பாராசூட் மடங்கிவிடும்.

கூட்டத்தோடு சேர்வது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உரிமம் வாங்கிய பிறகு பலர் விட்டுவிடுவது துணை இல்லாததால்தான். குதிதளத்தில் நாளின் பெரும்பகுதி காத்திருப்பு. காற்று அடங்கும் வரை உட்கார்ந்திருக்கிற அந்த மணி நேரங்களில்தான் நட்பு உண்டாகும். மடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், அடுத்தவர் பாராசூட்டை மடிக்கக் கைகொடுங்கள். நைலான் வலையை வெயிலில் போட்டால் இற்றுவிடும் என்று தெரிந்த உங்களுக்குப் பாராசூட் துணியைப் பேணத் தனியாகச் சொல்ல வேண்டாம். உப்புத் தண்ணீர் பட்டால் உடனே நல்ல தண்ணீரில் அலசி, பாராசூட்டைச் சோதித்துப் பழுதுபார்க்கிற ரிக்கரிடம் காட்ட வேண்டும். ஒவ்வொரு குதிப்பையும் குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எந்த மூத்தவரிடமும் "என் கட்டெல்லாம் சரியா, ஒருமுறை பாருங்கள்" என்று கேட்கலாம், ஆயிரம் முறை குதித்தவரும் கேட்பார். காற்று பிடிக்கவில்லையென்றால் குதிக்காமல் விமானத்திலேயே இறங்கிவிடுகிறேன் என்று சொல்கிறவரை அங்கே யாரும் இளக்காரமாகப் பார்ப்பதில்லை. தலையில் கேமரா மாட்ட 200 குதிப்பு வரை பொறுங்கள். படம் நன்றாக வருகிறதா என்று யோசிக்கிற அந்த இரண்டு நொடியில் உயரமானியைப் பார்க்க மறந்துவிடுவோம்.

தங்கைக்கு உங்களைவிட நல்ல வழி இருக்கிறது. என்சிசி மாணவர்களைத் தேர்ந்தெடுத்து ஆக்ராவில் விமானப்படையின் பாராசூட் பள்ளிக்கு அனுப்புகிறார்கள், பெண்களும் போகிறார்கள். ஆர்வத்தை இந்த வாரமே கல்லூரி என்சிசி அதிகாரியிடம் சொல்லி, ஓட்டப் பயிற்சியைத் தொடங்கச் சொல்லுங்கள். உடல் தகுதியில்தான் பலர் கழிகிறார்கள். வீட்டில் தயங்கினால் பாராசூட் வீராங்கனை ஷீத்தல் மகாஜனைப் பற்றிச் சொல்லுங்கள். 2004-இல் அந்தப் பெண் முதன்முதலாகக் குதித்ததே வடதுருவத்தில். 2011-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

டாண்டத்துக்குத் தேதி குறிக்கும்போது, முடிந்தால் வாப்பாவையும் கூட்டிப் போங்கள். தரையில் நின்று காற்றுப்பையைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். நீங்கள் இறங்கியதும், எந்தப் பக்கக் காற்றில் வந்தீர்கள் என்று அவரிடம் கேளுங்கள்.