கேளுங்க, சொல்றேன்: காலேஜ் ஃபுட்பாலும் கூடு மாறுற டீம்களும்

இந்த மாசம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல அமெரிக்க காலேஜ் ஃபுட்பால் பத்தித்தான், பிள்ளைங்க அங்க படிக்கிற வீடுகள்ல இருந்து வந்திருக்குன்னு எழுதினதப் பார்த்தாலே தெரியுது. முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், இங்க ஃபுட்பால்னா கால்ல உதைக்கிற ஆட்டம் இல்லைங்க, ஹெல்மெட் மாட்டிக்கிட்டு நீள்வட்டப் பந்தைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு ஓடி முட்டி மோதுவாங்களே, அது.

கேள்வி: என் பையன் ஸ்டான்ஃபோர்டுல படிக்கிறான். "எங்க யுனிவர்சிட்டி அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ்"னு சொல்றான். மேப்பைப் பார்த்தா அவன் இருக்கிறது பசிபிக் பக்கம். யாருக்கு ஜியாக்ரபி தெரியல, அவனுக்கா எனக்கா?

ரெண்டு பேரும் பாஸ்தான் சார். கோட்டை விட்டது கான்ஃபரன்ஸ்.

கான்ஃபரன்ஸ்னா சில யுனிவர்சிட்டிங்க சேர்ந்து அமைச்சுக்கிட்ட ஒரு கூட்டு, அவ்வளவுதான். சீசனுக்கு 12 மேட்ச்னா அதுல 8, 9 இந்தக் கூட்டுக்குள்ளயே ஆடிக்குவாங்க, டிவி கம்பெனிகிட்ட கூட்டா பேரம் பேசி வர்ற காசைப் பங்கு போட்டுக்குவாங்க. ஒரு காலத்துல அக்கம் பக்கத்து ஊர்க்காரங்கதான் ஒரு கூட்டா இருந்தாங்க, அதான் பேர்லயே பசிபிக், அட்லாண்டிக்னு ஊர் அடையாளம் ஒட்டிக்கிட்டு இருக்கு.

உங்க பையனோட யுனிவர்சிட்டி 1915ல ஆரம்பிச்ச பசிபிக் பரம்பரைல, அதாவது பேக்-12ல இருந்துச்சு. 2022 ஜூன் 30 அன்னிக்கு லாஸ் ஏஞ்சலஸ்காரங்க ரெண்டு பேரும், யுஎஸ்சியும் யுசிஎல்ஏவும், நாங்க பிக் டென்ங்கிற இன்னொரு கூட்டுக்குப் போறோம்னு அறிவிச்சாங்க, அங்க ஆரம்பிச்சதுதான் சரிவு. 2023 ஜூலைல கொலராடோ கிளம்புச்சு. ஆகஸ்ட் 4, ஒரே நாள்ல அஞ்சு பேர் போயிட்டாங்க: ஓரிகனும் வாஷிங்டனும் பிக் டென்னுக்கு, அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூணும் பிக் 12க்கு. மிச்சம் நாலே பேர். அதுல ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் செப்டம்பர் 1 அன்னிக்கு அட்லாண்டிக் கரைல ஒதுங்கிட்டாங்க, அதுவும் மத்தவங்க வாங்குற டிவி பங்குல ஒரு பகுதி போதும்னு ஒத்துக்கிட்டு. பிக் டென்ல இப்ப 18 பேர், பிக் 12ல 16 பேர், அதனால கணக்கும் இவங்களுக்கு வராதுன்னு வச்சுக்கோங்க.

கேள்வி: எத்தனையோ விளையாட்டு இருக்கும்போது எல்லாரும் ஃபுட்பாலை வச்சே முடிவெடுக்கிறாங்களே, ஏன்?

டிவிக்காரங்க காசு கொடுக்கிறது அதுக்குத்தான். 1984 வரைக்கும் எந்த மேட்ச் டிவில வரணும், ஒரு டீம் எத்தனை தடவை வரலாம்னு எல்லாத்தையும் என்சிஏஏ, அதாவது காலேஜ் விளையாட்டுகளுக்கான தலைமை அமைப்பு, தன் கைல வச்சிருந்துச்சு. ஓக்லஹோமாவும் ஜார்ஜியாவும் கேஸ் போட்டாங்க, சுப்ரீம் கோர்ட் 7-2ன்னு அவங்க பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு, அன்னிலேர்ந்து அவங்கவங்க சரக்கை அவங்கவங்களே வித்துக்கலாம்னு ஆச்சு. அந்தத் தீர்ப்புக்கும் இன்னிக்கு நடக்கிற கூத்துக்கும் நேர் கோடு போடலாம்னுதான் நான் சொல்லுவேன். 2022ல பிக் டென் ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி மூணு பேர்கிட்டயும் சேர்த்துப் போட்ட ஒப்பந்தம் 7 வருஷத்துக்கு சுமார் 700 கோடி டாலர். அப்படி ஒரு வீட்டுல இலை போட்டுக் கூப்பிட்டா பக்கத்து ஊர் சிநேகிதம்லாம் எத்தனை நாளைக்கு நிக்கும்?

கேள்வி: என் பொண்ணு வாலிபால் ஆடுறா, யுசிஎல்ஏல சேரணும்னு ஆசை. இந்த மாற்றம் அவளைப் பாதிக்குமா?

பாதிக்கும்மா. ஃபுட்பால் டீம் வாரத்துக்கு ஒரு மேட்ச், அதுல பாதி சொந்த ஊர்லயே. வாலிபால் அப்படி இல்ல, வாரத்துக்கு ரெண்டு மேட்ச்கூட வரும், லாஸ் ஏஞ்சலஸ்லேர்ந்து நியூ ஜெர்சில இருக்கிற ரட்கர்ஸுக்கு கிட்டத்தட்ட 4,000 கிலோமீட்டர், மூணு மணி நேரம் கடிகாரம் வேற மாறும், ராத்திரி திரும்பி வந்து காலைல கிளாஸ்ல உட்காரணும். ஃபுட்பாலை மட்டும் தனியாப் பிரிச்சு எங்க வேணா அனுப்பிட்டு மத்த ஆட்டங்களைப் பழைய அக்கம் பக்கத்தோடயே விட்டிருக்கலாம், அதைச் செய்யாதது சோம்பேறித்தனம்ங்கிறது என் கருத்து. சேர்றதுக்கு முன்னாடி கோச்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேக்கச் சொல்லுங்க, போன சீசன்ல பிள்ளைங்க எத்தனை நாள் கிளாஸை விட்டாங்கன்னு.

கேள்வி: நான் படிச்ச யுனிவர்சிட்டில 30 வருஷத்துக்கு முன்னாடி ஃபுட்பாலை மூடிட்டாங்க. பழைய மாணவர்கள் சேர்ந்து மறுபடி ஆரம்பிக்கச் சொல்லி கையெழுத்து வாங்குறோம். நடக்குமா, இல்ல வெறும் கனவா?

நடந்திருக்கு சார், ஆனா கையெழுத்தால நடக்கல. அலபாமாவுல பர்மிங்ஹாம் யுனிவர்சிட்டி, யுஏபின்னு சொல்லுவாங்க, அந்தக் கதையைக் கொஞ்சம் நீட்டியே சொல்றேன், ஏன்னா உங்களுக்கு வேண்டியது எல்லாம் அதுல இருக்கு.

2014 டிசம்பர் 2. டீம் அந்த சீசனை 6 வெற்றி 6 தோல்வின்னு முடிச்சிருக்கு, அந்த டீமுக்கு அது நல்ல கணக்கு, சீசன் முடிஞ்சதும் ஆடுற பௌல் மேட்சுக்குத் தகுதி வந்தாச்சு. அந்த நேரம் பார்த்து பிரெசிடெண்ட் ரே வாட்ஸ் வந்து, செலவு தாங்காது, ஃபுட்பாலை நிறுத்துறோம்னுட்டாரு. கூடவே பௌலிங், ரைஃபிள் ரெண்டும் காலி. மூடின அறைக்குள்ள பிள்ளைங்க அவரை முகத்துக்கு நேரா கேள்வி கேட்ட வீடியோ நாடு முழுக்கப் பரவுச்சு. இதுல ஒரு சிக்கல் என்னன்னா, அவங்க இருந்த "கான்ஃபரன்ஸ் யுஎஸ்ஏ"ங்கிற கூட்டுல உறுப்பினரா இருக்கணும்னா ஃபுட்பால் டீம் இருந்தாகணும். ஃபுட்பால் போனா கூட்டுங்கிற கூரை போகும், கூரை போனா பாஸ்கெட்பாலும் தெருவுக்கு வரும்.

ஊரே எழுந்துச்சு. மாணவர்கள், வியாபாரிகள், நகர சபைன்னு ஆளாளுக்கு இவ்வளவு தர்றேன்னு தொகை எழுதிக் கொடுத்தாங்க, சேர்ந்தது மில்லியன் கணக்குல. செலவு கணக்கே தப்புன்னு இன்னொரு ஆய்வும் வந்துச்சு. 2015 ஜூன் 1, ஆறே மாசத்துல அதே பிரெசிடெண்ட் திரும்பக் கொண்டு வர்றோம்னு அறிவிச்சாரு.

அறிவிச்சா போதுமா? டீம்தான் ஏற்கனவே கலைஞ்சு போச்சே, பிள்ளைங்க வேற யுனிவர்சிட்டிகளுக்குப் போயிட்டாங்க. 2015, 2016 ரெண்டு சீசனும் ஒரு மேட்ச்கூட கிடையாது. கோச் பில் கிளார்க் மட்டும் போகல. ஜூனியர் காலேஜ்லேர்ந்து ஆள் சேர்த்து, ஆடறதுக்கு மேட்சே இல்லாம பயிற்சி கொடுத்தாரு, சனிக்கிழமை ஆனா நாடே மேட்ச் பார்க்குது, இவங்க தங்களுக்குள்ளயே முட்டிக்கிட்டு இருக்காங்க, அந்த ரெண்டு வருஷத்தை எப்படித் தாண்டினாங்கன்னு எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். 2017 செப்டம்பர் 2, லீஜியன் ஃபீல்டுல அலபாமா ஏ அண்ட் எம்மோட முதல் மேட்ச், 45,000 பேருக்கு மேல வந்து உட்கார்ந்தாங்க. அந்த வருஷமே 8 வெற்றி, 2018லயும் 2020லயும் கான்ஃபரன்ஸ் சாம்பியன், 2021ல புது ஸ்டேடியம், 2023ல அமெரிக்கன் கான்ஃபரன்ஸுக்குப் பதவி உயர்வு.

இப்ப உங்க கதை. யுஏபிக்கு இடைவெளி ரெண்டு சீசன்தான், அந்த நேரத்துலயும் கான்ஃபரன்ஸ் அவங்களை வெளிய தள்ளல. 30 வருஷ இடைவெளின்னா நீங்க ஒப்பிட வேண்டியது வர்ஜீனியாவுல ஓல்டு டொமினியனோட. 1940 சீசனோட நிறுத்தி 2009லதான் திரும்ப ஆரம்பிச்சாங்க, நேரா மேல போகாம எஃப்சிஎஸ்ங்கிற கீழ் தட்டுல ஆரம்பிச்சு 2014ல மேல ஏறினாங்க, 2018ல வர்ஜீனியா டெக்கை 49-35ன்னு கவுத்தாங்க. இன்னொண்ணு ஈஸ்ட் டென்னசி ஸ்டேட். 2003ல ஃபுட்பாலை விட்டாங்க, அதனால 2005ல சதர்ன் கான்ஃபரன்ஸையும் விட வேண்டியதாச்சு, திரும்ப ஆடறோம்னு வாக்குக் கொடுத்த பிறகுதான் 2014ல உள்ள விட்டாங்க, 2015ல டீம் களத்துல இறங்குச்சு. முதல்ல கூரைக்கு வாக்கு, அப்புறம்தான் ஆட்டம், வரிசையைக் கவனிங்க.

இப்ப வாசல் இன்னும் குறுகலாயிடுச்சு. மேல் தட்டுக்கு ஏறணும்னா ஒரு கான்ஃபரன்ஸ் அழைப்பு கைல இருக்கணும், 2023ல அதுக்கான விண்ணப்பக் கட்டணத்தை 5,000 டாலர்லேர்ந்து 50 லட்சம் டாலரா ஏத்திட்டாங்க. கூட்டே இல்லாம தனியா ஆடலாம்தான், ஆனா வருஷத்துக்கு 12 எதிராளியை நாமளே தேடணும், மாசசூசெட்ஸ் அப்படித் தனியா அலைஞ்சு பார்த்துட்டு 2025ல மிட்-அமெரிக்கன் கான்ஃபரன்ஸுக்குள்ள போயிடுச்சு. ஃபுட்பால்னா நூறு பையன்க, டைட்டில் நைன் சட்டப்படி பொண்ணுங்களுக்கும் ஈடா வாய்ப்பு கொடுக்கணும், அதனால புதுசா ரெண்டு மூணு பெண்கள் டீமுக்கும் சேர்த்தே பட்ஜெட் போடணும், இதைப் பெரும்பாலான கையெழுத்துக் குழுக்கள் மறந்துடறாங்க.

ஆக, அந்தப் பேப்பரைக் கொண்டு போய் பிரெசிடெண்ட் மேசைல வைக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் கைல இருக்கட்டும்: எந்த கான்ஃபரன்ஸ் உங்களைச் சேத்துக்கும்னு ஒரு பேச்சு, அஞ்சு வருஷத்துக்கு யாரு பணம் தருவாங்கன்னு எழுத்துல ஒரு பட்டியல். பாஸ்கெட்பால் நல்லா ஆடுற யுனிவர்சிட்டின்னா இன்னொண்ணும் யோசிங்க. விச்சிட்டா ஸ்டேட் 1986ல ஃபுட்பாலை மூடுச்சு, 2017ல ஃபுட்பால் இல்லாமலே அமெரிக்கன் கான்ஃபரன்ஸுக்குப் போச்சு.

கேள்வி: எஸ்எம்யு ஒன்பது வருஷம் டிவி காசே வேண்டாம்னு கான்ஃபரன்ஸ் மாறினதா படிச்சேன். பைத்தியமா அவங்க?

எஸ்எம்யுன்னா சதர்ன் மெதடிஸ்ட் யுனிவர்சிட்டி, டல்லஸ்காரங்க, கையில காசு இருக்கு. ஆனா அவங்க பட்ட பாட்டைப் பார்த்தா புரியும். பிள்ளைங்களுக்குத் திருட்டுத்தனமா காசு கொடுத்தாங்கன்னு 1987ல என்சிஏஏ அந்த சீசன் முழுக்க ஆடவே கூடாதுன்னு, மரண தண்டனைன்னு சொல்ற தண்டனையைக் கொடுத்துச்சு, 1988ம் ஆட முடியாமப் போச்சு. 1989ல திரும்பி வந்து ஹூஸ்டன்கிட்ட 95-21ன்னு வாங்கினாங்க, ஆமா, தொண்ணூத்தஞ்சு. மறுபடி ஒரு பௌல் ஆட 2009 ஆச்சு. பழைய கூட்டு கலைஞ்சு ஒவ்வொரு சின்னக் கூட்டா அலைஞ்சவங்க, பெரிய வீட்டுல திண்ணையாவது கிடைச்சா போதும்னு 2024ல அட்லாண்டிக் கோஸ்ட்டுக்குள்ள வந்தாங்க. முதல் வருஷமே கான்ஃபரன்ஸ்ல 8-0, பைனல்ல கிளெம்சன்கிட்ட 34-31ன்னு தோத்தும், தேசிய சாம்பியனை முடிவு பண்ற பிளேஆஃப்ல இடம் கிடைச்சுது. அங்க பென் ஸ்டேட் 38-10ன்னு துவைச்சுட்டாங்க, அது வேற விஷயம். வேடிக்கை என்னன்னா, அன்னிக்கு எதுக்காக டீமையே கொன்னாங்களோ அதையே, பிள்ளைங்களுக்குக் காசு கொடுக்கிறதையே, 2025லேர்ந்து யுனிவர்சிட்டியே நேரடியா செய்யலாம், வருஷத்துக்கு சுமார் 2 கோடி டாலர் வரைக்கும்.

கேள்வி: எல்லாரும் விட்டுட்டுப் போன பேக்-12 செத்துப் போச்சா?

சாகல. மிஞ்சின ஓரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் கோர்ட்டுக்குப் போய் கூட்டோட நிர்வாகத்தைத் தங்களோட கைக்குக் கொண்டு வந்தாங்க. ஒரு கூட்டுக்குக் குறைஞ்சது 8 ஃபுட்பால் டீம் வேணும், அதுக்குக் கிடைச்ச ரெண்டு வருஷ அவகாசத்துல பாய்சி ஸ்டேட், சான் டியாகோ ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட்னு ஒவ்வொருத்தரா இழுத்தாங்க, எட்டாவதா டெக்சஸ் ஸ்டேட். புதுக் குடித்தனத்துக்கு நாள் குறிச்சது 2026 ஜூலை 1. தங்களை அநாதையா விட்டதுக்கு அழுதவங்க பக்கத்து வீட்டு மவுண்டன் வெஸ்ட்லேர்ந்து அஞ்சு பேரைத் தூக்கிட்டு வந்தாங்கங்கிறதையும் சொல்லணும்ல.

கேள்வி: ஃபுட்பாலை விட்டுட்டு நிம்மதியா இருக்கிற யுனிவர்சிட்டி ஒண்ணாவது உண்டா?

சிகாகோ. வருஷத்தோட சிறந்த காலேஜ் ஃபுட்பால் வீரருக்குக் கொடுக்கிற ஹைஸ்மன் கோப்பைல முதல் கோப்பை, 1935ல, அவங்க வீரர் ஜே பெர்வாங்கர் வாங்கினது. நாலே வருஷத்துல, 1939ல, பிரெசிடெண்ட் ஹட்சின்ஸ் ஃபுட்பாலை நிறுத்திட்டாரு, 1946ல பிக் டென்னை விட்டும் வெளிய வந்தாங்க. காலியா கிடந்த ஸ்டாக் ஃபீல்டு கேலரிக்குக் கீழ இருந்த ஸ்குவாஷ் கோர்ட்லதான் 1942ல விஞ்ஞானி ஃபெர்மி உலகத்தோட முதல் அணு உலையை ஓட்டிக் காட்டினாரு. 1969ல மறுபடி ஆட ஆரம்பிச்சாங்க, இப்ப ஆடுறது டிவிஷன் 3ங்கிற தட்டுல, விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே இல்லாம. அவங்களும் தப்பிக்கலைங்க, கூட்டுல ஃபுட்பால் ஆடுறவங்க குறைஞ்சு போனதால 2017ல ஃபுட்பாலுக்கு மட்டும் மிட்வெஸ்ட் கான்ஃபரன்ஸுக்கு மாறிட்டாங்க.