வெர்ஹுனி: உக்ரைன் வீடுகளின் முறுகல் பலகாரம் – கேள்வி பதில்

கேள்வி: வெர்ஹுனி, ஹ்ருஸ்திகி ஆகிய இரண்டும் ஒரே பலகாரமா? நம் மைதா பிஸ்கட்டும் இதுவும் ஒன்றுதானே?

பதில்: பெயர் இரண்டு, பலகாரம் ஒன்று: மெல்லிய மாவுப் பட்டையை முறுக்கி எண்ணெயில் பொரித்தது. ஹ்ருஸ்திகி என்பது மொறுமொறுவென்று ஒலிப்பதைக் குறிக்கும் உக்ரைனியச் சொல்லிலிருந்து பிறந்தது. கனடாவில் குடியேறிய உக்ரைனியக் குடும்பங்களிடமும் இப்பெயர் வழக்கில் உள்ளது. அண்டை நாடான போலந்தில் இதன் உறவுப் பலகாரத்தை ஹ்ருஸ்த், அதாவது காய்ந்த சுள்ளி, என்பார்கள். மைதா பிஸ்கட்டுடன் இதை ஒன்றாக்க முடியாது. அதைக் கடித்து உடைக்கிறோம். வெர்ஹுனி வாயில் வைத்ததும் பொலபொலவென நொறுங்க வேண்டும். இனிப்பும் மாவுக்குள் குறைவு. பொரித்த பின் மேலே தூவும் பொடித்த சர்க்கரையே முக்கியம்.

கேள்வி: வீட்டில் ஒருமுறை செய்து பார்க்க அளவு சொல்லுங்கள்.

பதில்: மைதா 250 கிராம், மஞ்சள் கரு 3, முழு முட்டை 1, ஸ்மெதானா எனப்படும் புளித்த பாலாடை 2 மேசைக்கரண்டி, சர்க்கரை 1 மேசைக்கரண்டி, ஹொரில்கா எனப்படும் உக்ரைனிய மது 1 மேசைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. ஸ்மெதானா கிடைக்காதவர்கள், துணியில் கட்டித் தொங்கவிட்டு நீர் வடித்த, லேசாகப் புளித்த முழுக்கொழுப்புத் தயிரைச் சேர்க்கலாம். முட்டையையும் சர்க்கரையையும் நன்கு அடித்து, மற்றவற்றைக் கலந்து, பூரி மாவைப் போல இறுக்கமாகப் பிசைந்து, ஈரத்துணியால் மூடி அரை மணி நேரம் வைத்திருங்கள். இந்த ஓய்வைத் தவிர்த்தால், தேய்க்கத் தேய்க்க மாவு சுருங்கிக்கொண்டே வரும்.

கேள்வி: மது சேர்க்காமல் செய்ய முடியாதா? அது வெறும் மணத்திற்குத்தானே?

பதில்: மணத்திற்காக அன்று. சாராயம் ஏறத்தாழ 78 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகிவிடுவதால், மாவு சூடான எண்ணெயில் விழுந்தவுடன் உள்ளிருந்து ஆவி கிளம்பி, மேற்பரப்பில் சின்னச் சின்னக் கொப்புளங்களை எழுப்புகிறது. மேலும், மாவின் பசைத்தன்மை இறுகி ரப்பர் போல ஆவதையும் அது ஓரளவு தடுக்கிறது. மது வேண்டாம் என்பவர்கள் ஒரு தேக்கரண்டி வினிகர் சேர்க்கலாம்; உக்ரைனிலேயே அப்படிச் செய்பவர்கள் உண்டு. மாவு தேய்க்க இலகுவாக இருக்கும், ஆனால் அதே அளவு கொப்புளங்களை எதிர்பார்க்க வேண்டாம்.

கேள்வி: நான் செய்தவை எண்ணெய் குடித்துத் தடியாக வந்தன. எங்கே தவறினேன்?

பதில்: பெரும்பாலும் இரண்டு இடங்களில். முதலாவது தேய்ப்பு. மாவைச் சிறு உருண்டைகளாகப் பிரித்து, ஒன்றைத் தேய்க்கும்போது மற்றவற்றை மூடி வைத்து, ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு, கீழே உள்ள பலகையின் நிறம் மங்கலாகத் தெரியும்வரை தேய்க்க வேண்டும். கை வலிக்கும், ஆனால் இந்தப் பலகாரத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. மேலே உலர்மாவை அள்ளித் தூவாதீர்கள். அது எண்ணெயில் உதிர்ந்து கருகி, அடுத்தடுத்த ஈடுகளைக் கெடுக்கும். இரண்டாவது சூடு. எண்ணெய் 170 முதல் 180 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கிள்ளிப் போட்ட மாவுத்துண்டு உடனே மேலெழுந்து நுரைத்தால் பதம் சரி. அடியிலேயே தங்கினால் பொறுத்திருங்கள். ஒரு ஈட்டில் நான்கைந்துக்கு மேல் போட்டால் சூடு இறங்கிவிடும். இளம் பொன்னிறம் வந்ததும் திருப்பி, உடனே எடுத்துவிடுங்கள். வாணலியிலிருந்து வந்த பின்னும் நிறம் சற்றுக் கூடும்.

கேள்வி: அந்த முறுக்கிய வடிவம் எப்படி வருகிறது?

பதில்: பார்க்கத்தான் கடினம். தேய்த்த மாவைச் சுமார் 3 செ.மீ. அகலமும் 10 செ.மீ. நீளமும் உள்ள பட்டைகளாகச் சாய்வாக வெட்டி, ஒவ்வொன்றின் நடுவிலும் நீளவாக்கில் ஒரு கீறல் போட்டு, ஒரு முனையை அதற்குள் நுழைத்து மறுபுறம் இழுத்தால் போதும்.

கேள்வி: எந்த எண்ணெயில் பொரிப்பது மரபு?

பதில்: பழைய வழக்கம் பன்றிக் கொழுப்பை உருக்கி எடுத்த ஸ்மாலெத்ஸ். இன்று சூரியகாந்தி எண்ணெயில் பொரிப்பது பரவலாகிவிட்டது. அந்நாட்டில் விளையும் சூரியகாந்திக்குக் குறைவில்லை. மணம் நீக்கிய எண்ணெயே ஏற்றது.

கேள்வி: கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு விருந்தில் இதை வைக்கலாமா?

பதில்: மரபைப் பார்த்தால் கூடாது. அன்றிரவு பரிமாறப்படும் 12 உணவுகளும் நோன்பு உணவுகள். இறைச்சி, பால், முட்டை மூன்றும் விலக்கு. மஞ்சள் கருவால் ஆன வெர்ஹுனி மறுநாள் காலைவரை காத்திருக்க வேண்டியதுதான். உக்ரைன் ஆர்த்தடாக்ஸ் மரபில் அந்த மறுநாள் நெடுங்காலம் ஜனவரி 7 ஆக இருந்தது. 2023 முதல் அரசு விடுமுறை டிசம்பர் 25 அன்று மட்டுமே.

கேள்வி: முட்டை இல்லாமல் செய்யலாமா? எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

பதில்: முட்டையின்றிச் செய்தால் நல்ல மைதா பலகாரம் கிடைக்கும், வெர்ஹுனி கிடைக்காது, அந்த உதிரும் தன்மையில் மஞ்சள் கருவுக்குப் பெரும்பங்கு உண்டு. செய்தவை முற்றிலும் ஆறிய பிறகு காற்றுப் புகாத தகர டப்பாவில் ஒரு வாரம் தாங்கும். சர்க்கரையை மட்டும் முன்கூட்டியே தூவி வைக்காதீர்கள். ஈரம் ஏறிப் பிசுபிசுக்கும். தட்டில் வைக்கும்போது சல்லடை வழியே தூவுங்கள்.