வெள்ளத்தில் ஊறாத அலமாரிக்குக் கூடுதலாக எவ்வளவு கொடுக்கலாம்?

கேள்வி: முடிச்சூரில் சொந்த வீட்டில் மனைவி, மகள், தாயார் ஆகியோருடன் வசிக்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கீழ்த்தளத்தில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றதில் சமையலறை அலமாரிகளும் துணி அலமாரியும் பாழாகிவிட்டன. இப்போது மாடியில் ஓர் அறை கட்டி, கீழே அறைகலன்களையும் புதிதாகச் செய்துகொள்ள நினைக்கிறோம். ஒப்பந்ததாரர் கட்டுமானத்துக்கு ரூ.7.5 லட்சமும் அறைகலன்களுக்கு ரூ.3.5 லட்சமும் கேட்கிறார். எல்லாவற்றையும் சுற்றுச்சூழலுக்கு உகந்த பொருட்களால் செய்ய வேண்டும் என்றால் சுவருக்கு ரூ.50,000, மூங்கில் தரைக்கு ரூ.90,000, அறைகலன்களுக்கு ரூ.1.2 லட்சம் என மொத்தம் ரூ.2.6 லட்சம் கூடும் என்கிறார். மாதச் சம்பளம் கையில் ரூ.95,000. வீட்டுக் கடன் தவணை ரூ.24,000 உட்பட மாதச் செலவு ரூ.54,000. வைப்பு நிதியில் ரூ.7 லட்சம் இருக்கிறது. வங்கி 9 சதவீத வட்டியில் கூடுதல் கடன் தருவதாகவும், அறைகலன் கடை வட்டியில்லாத் தவணை தருவதாகவும் சொல்கின்றன. செங்கல்பட்டு அருகே இடிக்கப் போகும் தாத்தா வீட்டின் தேக்கு நிலைகள், கதவுகள், உத்திரங்களுக்குப் பழைய மர வியாபாரி ரூ.35,000 தருகிறார். இயற்கைக்குக் கேடில்லாமல் கட்டத்தான் எங்களுக்கும் விருப்பம். ஆனால் அதற்காகக் கடன் வாங்குவது சரியா?

பதில்: உங்கள் விருப்பம் நல்ல விருப்பம், அதைக் கைவிடச் சொல்லப் போவதில்லை. ஆனால் ஒப்பந்ததாரர் கேட்கும் ரூ.2.6 லட்சத்தை ஒரே தொகையாகப் பார்க்காதீர்கள். அதில் ஒரு பகுதி கொடுக்கவே வேண்டாதது, ஒரு பகுதி பெயருக்காகக் கொடுப்பது, ஒரு பகுதி மட்டுமே பொருளுக்காகக் கொடுப்பது. பொருள் எத்தனை ஆண்டு உழைக்கும் என்று கேட்டால் இந்த மூன்றும் தானாகப் பிரிந்துவிடும். ஆறு ஆண்டுகளில் குப்பைக்குப் போகும் அலமாரி, எந்த முத்திரையோடு வந்தாலும், உங்கள் பணத்துக்கும் மண்ணுக்கும் ஒருசேரக் கேடுதான்.

சுவரிலிருந்து தொடங்குவோம். நிலக்கரிச் சாம்பலில் செய்யும் ஃப்ளை ஆஷ் செங்கல்லோ, ஏ.ஏ.சி. பிளாக் எனப்படும் காற்றூட்டிய கட்டியோ இன்று சென்னையில் அரிய பொருள் அல்ல. சூளைச் செங்கல்லுக்கு வளமான மேல்மண்ணை வெட்ட வேண்டும், விறகோ நிலக்கரியோ எரிக்க வேண்டும். மாறாக, எண்ணூர்க் கழிமுகத்தில் அனல் மின் நிலையச் சாம்பல் படிந்து மீனவர்கள் படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு, அந்தச் சாம்பல் சுவராக மாறுவது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும். ஏ.ஏ.சி. கட்டி ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 550 முதல் 650 கிலோ எடைதான் இருக்கும். சூளைச் செங்கல் அதைப்போல இரண்டரை மடங்குக்கும் மேல் கனமானது. ஏற்கெனவே இருக்கும் தளத்தின் மேல் அறை எழுப்பும் உங்களுக்கு அந்த எடைக் குறைவே முதல் ஆதாயம். கட்டி பெரிதாக இருப்பதால் கலவையும் கொத்தனார் கூலியும் குறையும். எனவே இதற்குக் கூடுதலாக ரூ.50,000 எதற்கு என்று வரிவரியாக விளக்கம் கேளுங்கள். ஏற்கத்தக்க விளக்கம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தூணும் கட்டியும் சேரும் இடத்தில் சிக்கன் மெஷ் எனப்படும் கம்பி வலை அடித்துப் பூச வேண்டும், வெளிப்பூச்சு நீர் புகாததாக இருக்க வேண்டும். நியாயமாகக் கூடும் செலவு அவ்வளவுதான். பழைய அடித்தளம் மாடியைத் தாங்குமா என்று கட்டுமானப் பொறியாளரிடம் எழுத்து மூலம் கருத்துப் பெறுவதும், திட்ட அனுமதி வாங்குவதும் இவை எல்லாவற்றுக்கும் முந்தியவை.

இன்னொன்றையும் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்ட் மீதான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. உங்கள் விலைப்பட்டியல் பழைய கணக்கில் போடப்பட்டதா என்று பாருங்கள். சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட் போட்டால் குறைந்தது பத்து நாட்களாவது தண்ணீர் விட்டு ஆற்ற வேண்டும். அதை மூன்று நாட்களில் முடித்துக்கொள்ளும் மேஸ்திரியிடம் எந்தப் பசுமைப் பொருளைக் கொடுத்தாலும் வீண்.

மூங்கில் தரையை விட்டுவிடுங்கள். மூங்கில் வேகமாக வளரும் என்பது உண்மைதான். ஆனால் தரைப்பலகையாக வருவது மூங்கில் பட்டைகளைப் பசையால் ஒட்டி அழுத்திய பொருள். சென்னையின் ஈரக்காற்றில் அது உப்பி எழும்பினால் மாற்றும் செலவு உங்களுடையது. அதே அறைக்கு ஆத்தங்குடி ஓடு போடலாம். அது சூளையில் வேகாமல், மணலும் சிமென்ட்டும் வண்ணமும் சேர்த்துக் கண்ணாடி மேல் கையால் வார்த்து, தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பது. அல்லது ஒப்பந்ததாரர் ஏற்கெனவே கணக்கிட்டுள்ள சாதாரண ஓடே போதும். மூங்கில் மேல் ஆசை இருந்தால் அதை நாற்காலியில் காட்டுங்கள். முழுவதும் மூங்கிலாலோ பிரம்பாலோ செய்த அறைகலன்களுக்கு இப்போது ஜி.எஸ்.டி. 5 சதவீதம், மர அறைகலன்களுக்கு 18 சதவீதம்.

அறைகலன்களுக்கான ரூ.1.2 லட்சம்தான் உண்மையில் யோசிக்க வேண்டிய தொகை. மிக்ஜாம் வடிந்த வாரத்தில் வரதராஜபுரத்தில் உறவினர் ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தேன். மரத்தூளைப் பசையால் அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு அலமாரியின் அடிப்பலகை இரண்டு விரல் கனத்துக்கு உப்பியிருந்தது. கீலைத் தொட்டதும் திருகாணி மரத்தூளோடு கையில் வந்தது. அதே அறையில் அதே தண்ணீரில் நின்ற பழைய தேக்கு பெஞ்சைத் துடைத்து நிழலில் சாய்த்து வைத்திருந்தார்கள். அடுத்த மாதம் அதில் உட்கார்ந்து காபி குடித்தோம். அந்த அலமாரிக்கான தவணை இன்னும் ஏழு மாதம் பாக்கி இருந்தது. எனக்கு அந்த வீட்டில் மிகவும் வலித்தது அதுதான்.

உங்கள் துணி அலமாரியைச் சாதாரணப் பலகையில் செய்ய ரூ.60,000, நல்ல பிளைவுட்டில் ரூ.1,05,000 என்று வைத்துக்கொள்வோம். முன்னது உங்கள் பகுதியில் ஆறு ஆண்டு தாங்கினால் ஆண்டுக்கு ரூ.10,000, பின்னது பதினைந்து ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு ரூ.7,000. முடிச்சூரில் 2015இலும் வெள்ளம், 2023இலும் வெள்ளம் என்பதை நினைத்துப் பார்த்தால் ஆறு ஆண்டு என்பது அவநம்பிக்கையான கணக்கு அல்ல. கேட்டு வாங்க வேண்டியது ஐ.எஸ். 710 முத்திரையுள்ள, கடைகளில் பி.டபிள்யூ.பி. என்று சொல்லும் பிளைவுட். அதில் பயன்படுத்தும் பீனால் வகைப் பசை, மலிவுப் பலகைகளின் யூரியா வகைப் பசையைவிட மிகக் குறைவாகவே ஃபார்மால்டிஹைடு வாயுவை வெளியிடும். மகளும் வயதான தாயாரும் உறங்கும் அறைக்கு இது முக்கியம். பலகை வந்து இறங்கியதும் அதில் அச்சிட்டுள்ள சி.எம்./எல். உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் சரிபார்த்துவிட்டு, அதன் பிறகு அறுக்கச் சொல்லுங்கள்.

ஆனால் எல்லா இடத்துக்கும் பிளைவுட் வேண்டாம். சமையலறையில் கீழ்ப்பகுதித் தட்டுகளுக்கு நம் வீடுகளில் வழக்கமாகப் போடும் கடப்பா கல்லே போதும். கதவுக்கு மட்டும் பிளைவுட் போட்டால், வெள்ளம் வந்தாலும் கழுவிவிட்டுப் பாத்திரத்தை மறுபடி அடுக்கிவிடலாம். இப்படிச் செய்தால் கூடுதல் செலவு ரூ.1.2 லட்சத்திலிருந்து சுமார் ரூ.70,000 ஆகக் குறையும் என்பது என் மதிப்பீடு. அந்தத் தொகையைத் தயங்காமல் கொடுங்கள்.

தாத்தா வீட்டு மரத்தை ரூ.35,000க்கு விற்காதீர்கள். உங்கள் கடிதத்திலேயே சுற்றுச்சூழலுக்கு மிகவும் உகந்த பொருள் அதுதான். அதற்காக இனி ஒரு மரமும் வெட்டப்பட வேண்டியதில்லை. பல பத்தாண்டுகள் காய்ந்து இறுகிய தேக்கு, இன்று மரவாடியில் கன அடிக் கணக்கில் வாங்கும் புது மரத்தைப்போல முறுக்கிக்கொள்ளாது. நிலையும் கதவும் மாடி அறைக்கு ஆகும், உத்திரத்தை அறுத்தால் ஒரு கட்டில் ஆகும். புதுக் கட்டிலுக்கு ரூ.45,000, புதுக் கதவு, நிலைகளுக்கு ரூ.40,000 மிச்சம்; ஆணி பிடுங்கி, இழைத்து, கறையான் மருந்தடித்து, வண்டியில் கொண்டுவர ரூ.30,000 ஆகலாம். வியாபாரி தரும் பணத்தை விட்டுக்கொடுத்த பிறகும் ரூ.20,000 உங்கள் பக்கம்.

இப்போது மொத்தம்: கட்டுமானம் ரூ.7.5 லட்சத்தில் கதவு, நிலைகளின் ரூ.40,000 போய், பழைய மரத்துக்கான ரூ.30,000 சேர்ந்து ரூ.7.4 லட்சம்; அறைகலன்கள் ரூ.3.5 லட்சத்தோடு கூடுதல் ரூ.70,000 சேர்ந்து, கட்டிலின் ரூ.45,000 போய் ரூ.3.75 லட்சம். ஆக ரூ.11.15 லட்சம். ஒப்பந்ததாரர் சொன்ன ரூ.13.6 லட்சத்தைவிட ரூ.2.45 லட்சம் குறைவு.

அறைகலன்களுக்குக் கடன் வாங்க வேண்டாம். வட்டியில்லாத் தவணையில் வட்டி, ரொக்கமாக வாங்குபவருக்குத் தரும் தள்ளுபடியிலும் செயல்முறைக் கட்டணத்திலும் ஒளிந்திருக்கும். ரொக்க விலையைக் கேட்டாலே வித்தியாசம் தெரிந்துவிடும். ரூ.3.75 லட்சத்தை வைப்பு நிதியிலிருந்து எடுத்தால் ரூ.3.25 லட்சம் மிஞ்சும். அது உங்கள் இப்போதைய கணக்கில் ஆறு மாதச் செலவு. வேலையின் நடுவில் ஒப்பந்ததாரர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் அதைத் தொடாதீர்கள்.

கட்டுமானத்தின் ரூ.7.4 லட்சத்துக்கு வங்கியின் கூடுதல் கடன் பொருந்தும், ஏனெனில் சுவர் கடனைவிட நீண்ட காலம் நிற்கும். ஆனால் வங்கி பத்து ஆண்டுத் தவணை காட்டும். மாதம் சுமார் ரூ.9,370 என்பதால் இலகுவாகத் தெரியும். ஏழு ஆண்டு கேளுங்கள், மாதம் சுமார் ரூ.11,900. பத்து ஆண்டில் வட்டி மட்டும் ஏறத்தாழ ரூ.3.85 லட்சம், ஏழு ஆண்டில் ரூ.2.6 லட்சம். இடையில் உள்ள ரூ.1.25 லட்சம், நல்ல பலகைக்குக் கொடுக்கலாமா என்று நீங்கள் தயங்கிய தொகையைவிட அதிகம். இரண்டு தவணையும் சேர்ந்து சம்பளத்தில் 38 சதவீதம் ஆகும். இதற்கு மேல் போகக் கூடாது.

வரிச் சலுகையை நம்பிக் கடனைக் கூட்டாதீர்கள். புதிய வரி முறையில் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவே இல்லை. பழைய முறையில் இருந்தாலும் ஆண்டுக்கு ரூ.2 லட்சம் என்ற மொத்த உச்சவரம்புக்குள் உங்கள் இப்போதைய கடனின் வட்டியும் அடங்கும். பழுதுபார்ப்புக்கான கடன் என்றால் அதில் ரூ.30,000 மட்டுமே. கட்டுமான ரசீதுகளைத் தனிக் கோப்பில் வைத்திருங்கள், அறைகலன் ரசீதுகளோடு கலக்க வேண்டாம்.

கடைசியாக, தச்சரிடம் துணி அலமாரியைத் தரையில் உட்கார வைக்காமல், முக்கால் அடி உயரத்துக்குக் கல் மேடை கட்டி அதன் மேல் நிறுத்தச் சொல்லுங்கள். முழங்கால் அளவுத் தண்ணீரை அது முழுவதும் தடுக்காது; ஆனால் உங்கள் தெருவில் ஆண்டுதோறும் தேங்கும் தண்ணீருக்கு அது போதும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் அந்த மேடை மட்டுமாவது முடிந்திருக்கட்டும்.