இழை அறிந்து மடியுங்கள்: வாழ்த்து அட்டை கேள்வி பதில்

பொங்கல் நெருங்குவதால் கையால் வாழ்த்து அட்டை செய்பவர்களிடமிருந்து கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்த இடங்களில் ஒருவருடைய கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். படிக்கும்போது ஒன்றைக் கவனிப்பீர்கள்: தங்கள் கை சரியில்லை என்று நொந்துகொள்பவர்களில் பாதிப் பேருக்குச் சிக்கல் கையில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது.

திருச்சி வாசகி: கெட்டி அட்டையை மடித்தால் மடிப்பு வெடித்து உள்ளே வெள்ளை நார் தெரிகிறது. நான் வாங்கியது மட்டமான அட்டையா?

அட்டையைக் குறை சொல்ல முடியாது. மடித்த திசைதான் தவறு. ஆலையில் காகிதக் கூழ் ஓடும் வலையின் மேல் பாயும்போது, நார்களில் பெரும்பாலானவை வலை ஓடும் திசையிலேயே படுத்துவிடுகின்றன. இதைத்தான் காகிதத்தின் இழை என்கிறோம். மூங்கிலை நீளவாக்கில் பிளப்பது எளிது, குறுக்கே ஒடித்தால் சிம்பு சிம்பாகத் தெறிக்கும் அல்லவா? அட்டையும் அப்படித்தான்: இழையோடு மடித்தால் பணிந்து மடியும், இழைக்குக் குறுக்கே மடித்தால் நார் முறிந்து வெடிக்கும்.

இழையின் திசையை அறிய, அட்டையிலிருந்து ஒரு சிறு சதுரத்தை வெட்டி, ஒரு பக்கத்தை மட்டும் ஈர விரலால் தடவுங்கள். அது குழல்போலச் சுருளும். குழல் எந்தத் திசையில் நீண்டிருக்கிறதோ அதுவே இழை. கடையில் வாங்கும் ஏ4 தாள்களில் பெரும்பாலும் இழை நீளவாக்கில் ஓடுவதால், அதைப் பாதியாக மடித்து அட்டை செய்யும்போது நாம் அறியாமலேயே இழைக்குக் குறுக்கே மடிக்கிறோம். பெரிய சார்ட் தாளை வாங்கி, மடிப்புக் கோடு இழையோடு அமையும்படி நீங்களே வெட்டிக்கொள்வது நல்லது.

மடிக்கும் முன், மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் இரும்பு அளவுகோலை ஒட்டி அழுத்திக் கோடு இழுக்க வேண்டும். இழுத்த பள்ளம் அட்டையின் வெளிப்பக்கத்திலும், அதன் மறுபுறம் எழும் மேடு உட்பக்கத்திலும் வரும்படி மடியுங்கள். பள்ளத்துக்குள் மடிப்பதே இயல்பு என்று நினைத்துப் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்; நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன்.

சேலம் வாசகர்: ஃபெவிகால் தடவி ஒட்டிய படம் காய்ந்ததும் அலை அலையாகப் புடைக்கிறதே?

வெள்ளைப் பசையில் பெரும்பகுதி தண்ணீர். நார் தண்ணீரைக் குடித்ததும் அகலத்தில் ஊதுகிறது, நீளத்தில் அவ்வளவாக ஊதுவதில்லை. ஆகவே தாள் இழைக்குக் குறுக்கே விரிந்து, காயும்போது சமமில்லாமல் சுருங்குகிறது. பசையில் மேலும் தண்ணீர் கலப்பதை முதலில் நிறுத்துங்கள். ஒட்டவிருக்கும் சிறிய தாளில் மட்டும், பழைய அட்டைத் துண்டின் விளிம்பால் நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்லியதாக இழுத்துப் பூசி, இரண்டு தாள்களின் இழையும் ஒரே திசையில் இருக்கும்படி ஒட்டி, மேலும் கீழும் பாலிதீன் தாள் வைத்து, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓரிரவு விட்டுவிடுங்கள். பெரிய பரப்பாக இருந்தால் இருபக்க ஒட்டு நாடாவே மேல். அதில் தண்ணீர் இல்லை.

மைதாப் பசை உதவுமா என்று இதே கடிதத்தில் கேட்டிருக்கிறீர்கள். நன்றாக ஒட்டும். ஆனால் பூச்சியும் அதை விரும்பும். புத்தகம் கட்டுபவர்கள் அதற்காகவே அதில் மயில்துத்தம் (காப்பர் சல்ஃபேட்) சேர்ப்பார்கள்; அது நஞ்சு என்பதால் குழந்தைகள் கை வைக்கும் வீட்டில் வேண்டாம்.

யாழ்ப்பாண வாசகி: மெல்லிய காகித நாடாக்களைச் சுருட்டிச் செய்யும் குயில்லிங் பூவின் இதழ்கள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில் வருகின்றன.

நாடாக்களை ஒரே நீளத்தில் வெட்டினால் மட்டும் போதாது, ஒவ்வொரு சுருளும் ஒரே அளவுக்குத் தளர வேண்டும். வட்டத் துளைகள் உள்ள பிளாஸ்டிக் அளவுகோலில் ஒரே துளைக்குள் சுருளை விட்டு, அது விரிந்து நின்றபின் எடுத்து, நுனியில் ஊசிமுனையளவு பசை வைத்து ஒட்டுங்கள். இதழாகக் கிள்ளுவது அதன் பிறகுதான். பழகுவதற்கு 5 மி.மீ. நாடா எளிது, வாழ்த்து அட்டைக்கு 3 மி.மீ. அழகு. சுற்றும் கருவி கிடைக்காவிட்டால், பெரிய தையல் ஊசியின் காது நுனியை வெட்டிவிட்டு, கூர்முனையைப் பென்சிலின் ரப்பருக்குள் செருகிக்கொள்ளலாம்.

கோயம்புத்தூர் வாசகர்: திறந்ததும் பொங்கல் பானை எழும்பும் அட்டையை மகளுக்காகச் செய்தேன். மூடினால் பானை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது.

இது கணக்கில் வந்த பிழை, திருத்துவது எளிது. மடித்த அட்டையின் மடிப்பு ஓரத்திலிருந்து உள்நோக்கி ஒரே நீளத்தில் இரண்டு இணையான வெட்டுகள் போட்டு, இடைப்பட்ட பட்டையை உள்ளே தள்ளினால், திறக்கும்போது ஒரு படி எழுகிறது. அட்டையை மூடும்போது அந்தப் படியின் முனை, மடிப்பிலிருந்து வெட்டின் நீளத்தைப்போல் இரு மடங்கு தூரத்துக்கு வந்துவிடும். பானையின் எந்தப் பகுதி படிக்கு மேலே எழும்பி நிற்கிறதோ, அந்த உயரம் இதனோடு கூடும். பக்கம் 15 செ.மீ., வெட்டு 4 செ.மீ. என்றால், படியின் முனை 8 செ.மீ. தூரத்தில் நிற்கும், ஓரத்தில் 1 செ.மீ. இடம் விட்டால் பானை படிக்கு மேலே 6 செ.மீ. வரை எழலாம். பானையைப் படியின் முன்முகத்தில் மட்டும் ஒட்டுங்கள். மேல்முகத்திலும் பசை பட்டால் அட்டை மூடாது.

இந்த ஒரு வெட்டையே பெருக்கிப் பெருக்கி முழுக் கட்டடங்களை எழுப்பலாம். ஜப்பானியக் கட்டடக் கலைஞர் மசாஹிரோ சதானி 1980களின் தொடக்கத்தில் வளர்த்தெடுத்த காகிதக் கட்டடக் கலையின் அடிப்படையும் இத்தகைய வெட்டும் மடிப்பும்தான். மகளுக்கு ஆர்வம் இருந்தால் பானைக்குப் பிறகு படிக்கட்டு செய்யச் சொல்லுங்கள்.

சிங்கப்பூர் வாசகி: புதுச்சேரியிலிருந்து கைத்தாள், அதாவது கையால் செய்த காகிதம், வாங்கி வந்தேன். மைப்பேனாவால் எழுதினால் எழுத்து ஊறிப் பரவுகிறது.

மை ஊறாதிருக்கக் காகிதத்தில் ஏற்றும் பூச்சு சில கைத்தாள்களில் குறைவாக இருக்கும். ஓரத்தில் எழுதிப் பார்த்துவிட்டு, ஊறினால் ஜெல் பேனாவுக்கு மாறுங்கள். இல்லையேல் வாசகத்தை வேறு தாளில் எழுதி உள்ளே செருகுங்கள். கைத்தாளில் நார்கள் பல திசைகளிலும் கலந்து கிடப்பதால் இழைத் தொல்லை குறைவு. அதன் பிசிறு விளிம்பைத் தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள்.

தஞ்சாவூர் வாசகர்: அரசிலை நரம்பை அட்டையில் ஒட்ட ஆசை. ஊறவைத்த இலை முழுவதும் அழுகிவிட்டது.

தளிர் இலையை எடுத்திருப்பீர்கள். நன்கு முற்றிய, பூச்சி அரிக்காத இலையே வேண்டும். பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் மூழ்கவைத்து, சில நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். நாற்றம் வரும், வாளியைக் கொல்லைப்புறத்தில் வைப்பது குடும்ப அமைதிக்கு நல்லது. இரண்டு வாரத்துக்குப் பின் ஒரு மூலையைத் தேய்த்துப் பாருங்கள். பச்சைச் சதை வழுக்கிக்கொண்டு வந்தால் நேரம் வந்துவிட்டது, வராவிட்டால் மேலும் ஒரு வாரம் பொறுங்கள். இலையைத் தட்டில் பரப்பி, மென்மையான பழைய பல்துலக்கியால் தட்டித் தட்டிச் சதையை நீக்கி, அலசி, செய்தித்தாள்களுக்கு இடையே காயவையுங்கள். தேயிலைச் சாற்றில் நனைத்தால் பழுப்பு நிறம் ஏறும். ஒட்டும்போது நடு நரம்பில் மட்டும் நாலைந்து புள்ளி பசை போதும்.

மதுரை வாசகி: அட்டைக்கு ஏற்ற உறை கிடைப்பதில்லை.

அட்டையை ஏ6 அளவில், அதாவது 105 × 148 மி.மீ. ஆகச் செய்தால், 114 × 162 மி.மீ. அளவுள்ள சி6 உறைக்குள் அடங்கும். நீங்களே உறை செய்வதானால் அட்டையைவிட நீளத்திலும் அகலத்திலும் ஏறத்தாழ 1 செ.மீ. கூட்டி, அட்டையின் தடிமனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குயில்லிங் ஒட்டிய அட்டையை வெறும் உறையில் அஞ்சலில் விட்டால், முத்திரை விழும்போதே பூ நசுங்கிவிடும்; சேலை வாங்கிய அட்டைப்பெட்டியின் மூடியை வெட்டிச் சிறு பெட்டியாக மடித்து அதற்குள் வைத்து அனுப்புங்கள்.