வாப்பாவோட ஓட்டும் காணாமப்போன கமெண்ட்டும்

அன்புள்ள அண்ணே,

2025 மே மாசம் ஆபரேஷன் சிந்தூர் நடந்தப்ப எங்க வாப்பா நியூஸ் சேனல் வெப்சைட்ல வர்ற கருத்துக்கணிப்பு ஒண்ணு விடாம ஓட்டு போட்டாங்க. கராச்சி துறைமுகத்த நம்ம நேவி அடிச்சிருச்சுன்னு வந்த செய்திக்குக் கீழ "யாரு உறுதி பண்ணுனா?"ன்னு நான் கேட்டேன், கொஞ்ச நேரத்துல கமெண்ட்டே காணோம். நாம எழுதுறத அவங்க படிக்கவாவது செய்றாங்களா?

வாசகர், கீழக்கரை

தம்பி,

நீங்க என்ன எழுதுனீங்கன்னு பாக்குறத விட எத்தன பேரு வந்தாங்க, எவ்ளோ நேரம் இருந்தாங்கன்னுதான் பாப்பாங்க. அந்தக் கருத்துக்கணிப்பே அதுக்குத்தான். இன்னும் அடிக்கணுமா, ஆம், இல்லை, கருத்து இல்லை, அமுக்குனா சதவீதம் வரும், பக்கத்துலயே மனை விளம்பரம் வரும், சதவீதம் ஏறுதான்னு பாக்க மறுபடி ரெஃப்ரெஷ் பண்ணுவோம். நம்ம பக்கம் அப்ப மீன்பிடித் தடைக்காலம் வேற, விசைப்படகெல்லாம் கட்டிக்கிடந்துச்சு, பாம்பன்ல எங்க பாத்தாலும் கையில போனுதான். சேனல்காரங்க சைரன் சத்தத்தப் போட்டுப் போட்டு, கடைசியில மே 10ம் தேதி உள்துறை பக்கத்துல இருந்தே அத நிறுத்தச் சொல்லி அறிவுறுத்தல் வந்துச்சு.

ஜனங்ககிட்ட கேக்கவே கூடாதுன்னு நான் சொல்லல. 2005 ஜூலை 7 லண்டன் குண்டுவெடிப்பப்ப பிபிசிக்கு ஆறு மணி நேரத்துல ஆயிரம் போட்டோவுக்கு மேல ஜனங்க அனுப்புனாங்க, அதுல இருந்து செய்தி வந்துச்சு. அவங்க அனுப்புனது கண்ணால கண்டது, நம்மகிட்ட கேட்டது ரோஷம் இருக்கா இல்லையான்னு. கீழக்கரையில இருந்து கராச்சி தெரியுமா என்ன? நமக்குத் தெரியிறது செய்தியில இருக்க ஓட்டைதான், நீங்க கேட்டதும் அதத்தான், அதனாலதான் தூக்கிட்டாங்கன்னு நினைக்கிறேன்.

அதனால இனிமே கமெண்ட்டோட நிக்காதீங்க. வெப்சைட்டுக்கு அடியில சின்ன எழுத்துல குறைதீர் அதிகாரின்னு ஒரு மெயில் ஐடி இருக்கும், லிங்க், ஸ்க்ரீன்ஷாட், பாத்த தேதி நேரம் போட்டு அனுப்புங்க, திட்டாம நாலே வரி போதும். 2021 ஐடி விதிகள்ல, அதாவது தகவல் தொழில்நுட்ப விதிகள்ல, 15 நாளுக்குள்ள முடிவு சொல்லணும்னு எழுதியிருக்கு, சொல்லுவாங்களாங்கிறது வேற கத.

வாப்பாகிட்ட சண்ட போடாதீங்க, ஓட்டு போட்டா போட்டுட்டுப் போறாங்க. கராச்சி செய்தி இன்னும் அந்தத் தளத்துல அப்படியே கிடந்தா இன்னைக்கே ஒரு மெயில் போடுங்க, பதில் வந்தா எனக்கும் ஃபார்வர்ட் பண்ணுங்க.