தனுஷ்கோடி நாவல்: ஆவியும் அம்மாவும் ஒரே காட்சியில் இடித்தால்

உங்கள் நாவலில் 27 வயது நாயகி, அம்மாவின் ஆவி அழைக்க, 2024இலிருந்து 1964 தனுஷ்கோடி புயலுக்குப் பின்னோக்கிப் போகிறாள், அங்கே ஒருவனைக் காதலிக்கிறாள். அவள் அம்மாவைக் காப்பாற்ற வேண்டாம். 1964 புயலிலிருந்து மீட்டுவிட்டால், அவளை அங்கே அழைத்த அம்மாவின் ஆவியே இருக்காது. கதை முட்டுவது அங்கேதான்.

ஆவியை வேறொருத்தியுடையதாக்குங்கள். டிசம்பர் 22 இரவு அலை அடித்துப்போன ரயிலில் இருந்தவள். அது தன் அம்மா என்று நாயகிதான் நம்புகிறாள். அம்மாவோ பகல் கப்பலிலேயே இலங்கையின் தலைமன்னார் போயாயிற்று. தன் குழந்தை, அதாவது நாயகி, அந்த ரயிலோடு போய்விட்டது என்று நினைத்துத்தான் அவள் திரும்பவில்லை. ‘வர வழியில்லை’ என்று மட்டும் எழுதாதீர்கள். பிறகு ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடியது.

இன்னொன்று, வயதுக் கணக்கு. நாயகி 1964இல் கைக்குழந்தை என்றால் 2024இல் அவளுக்கு அறுபது தாண்டிவிடும், நீங்களோ 27 என்கிறீர்கள். நிகழ்காலத்தை 1990க்கு நகர்த்துங்கள். 1964இல் 27 வயதான காதலனுக்கு அப்போது 53. நரைத்த தலையோடு அவனே பாம்பனில் எதிரே வரலாம், அவளை முன்பே தெரிந்தவனாக. எனக்கு இதுதான் நாவலின் சிறந்த காட்சியாகத் தோன்றுகிறது.

சரிபார்க்க: ஒரு தாளில் அத்தியாய வாரியாகத் தேதி, ஒவ்வொருவரின் வயது, அந்த நேரத்தில் அவருக்கு என்ன தெரியும் என்று எழுதுங்கள். ஆவிக்குச் சாவுக்குப் பிந்தைய செய்தி தெரிந்தால் அந்த வரியை அடியுங்கள்.

ஒரு எச்சரிக்கை: பாம்பன் சாலைப் பாலம் 1988இல்தான் திறந்தது. 1964இல் கரையின் இந்தப் பக்கம் உள்ள மண்டபம் ஊரிலிருந்து அவளை பஸ் ஏற்றிவிடாதீர்கள். புயலில் ரயில் பாலமும் சேதம், சீரமைக்க 46 நாள் ஆனது. மறுநாளே ரயிலில் தப்பவும் முடியாது.